தொட்டுப் பாராமல் சொன்ன ஓம்

எழுத்துப் பிழைகளை முதலே பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சோக்கால் துணியில் கோடு போட்ட கை இது. கொப்பியில் நேராக ஓடாது. ஞாபகமும் முந்தி மாதிரி இல்லை. எந்த வருடம் என்று கேட்டால் எந்த மாரிக்குப் பிறகு என்றுதான் சொல்ல வரும். சபையில் எழும்பிக் கதைக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால்தான் இதை எழுதித் தருகிறேன். வாசிக்கிறவர்கள் சத்தமாக வாசித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் வாசியுங்கள்.

எங்கள் பறப்புப் பள்ளிக்குப் புது ஹார்னஸ் வந்திருக்கிறது. ஹார்னஸ் என்றால் பறக்கிறவர் உடம்பில் மாட்டுகிற இருக்கை. மேலே சிறகு மாதிரித் துணிச் செட்டை, அதிலிருந்து நூல்கள், நூல்களின் அடியில் இந்த இருக்கை. பழைய இருக்கையில் மூன்று பட்டிகள் தனித்தனி. நெஞ்சுக்கு ஒன்று, தொடைகளுக்கு இரண்டு. புதியதில் மூன்றும் ஒன்றோடொன்று தொடுத்தபடி. தொடைப் பட்டியைக் கொழுவாமல் நெஞ்சுப் பட்டியைக் கொழுவ ஏலாதாம். அதனால் பறக்க முதல் ஒவ்வொரு பட்டியாகத் தொட்டுப் பார்க்கிற எங்களுடைய வழக்கம் இனித் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்களாம். கூட்டம் வைத்து முடிவெடுக்கப் போகிறார்கள்.

இப்போது பள்ளிக்குப் பொறுப்பாக இருக்கிற கௌசி வீட்டுக்கு வந்தாள்.

"பரமம்மா, உந்தத் தொட்டுப் பாக்கிற வழக்கம் எப்பிடி வந்ததெண்டு எங்களிலை ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. நீங்கள் எழுதித் தந்தால் கூட்டத்திலை வாசிப்பன்."

"யூட்டைக் கேளன், பிள்ளை. அண்டைக்குக் கயிறு இழுத்தவன் அவன்தானே."

"யூட் அண்ணை சொன்னார், அது பரமக்காவின்ரை கதை, அவதான் சொல்லோணுமெண்டு."

அவன் சொன்னது சரி. அது என்னுடைய கதைதான்.

நான் மருதனார்மடச் சந்தியில் ஒரு தையல் கடையில் மெசின் மிதித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சட்டை, பிளவுஸ், தலையணை உறை. ஒருநாள் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் பெரிய பொதியோடு வந்தார். அவிழ்த்தால் சரசரவென்று காகிதம் மாதிரிச் சத்தம் போடுகிற சிவப்புத் துணி, ஒரு முழம் கிழிந்திருந்தது.

"அக்கா, உதைத் தைக்க ஏலுமோ?"

"தைக்கலாம். என்னத்துக்கு, குடையோ?"

"இல்லை. நான் தொங்கிறதுக்கு."

கடைக்காரரைக் கூப்பிடப் பார்த்தேன். பிறகுதான் அந்த மனிதர் விளங்கப்படுத்தினார். இருபது வருடத்துக்கு மேல் சுவிசில் இருந்தவராம். அங்கே மலையிலிருந்து இந்தத் துணியில் தொங்கிப் பறக்கிறதாம், அதைப் படிப்பிக்கிற வேலைதானாம் அவருக்கு. ஊரோடு திரும்பிவிட்டார், இங்கேயும் படிப்பிக்கப் போகிறார்.

"இஞ்சை மலை எங்கை இருக்கு?" என்று கேட்டேன்.

"மலை இல்லாட்டிக் கயிறு இருக்கு" என்றார்.

தைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் தன் பலம் முழுவதையும் போட்டுத் தையலை இழுத்துப் பார்த்தார். பாராட்டவில்லை. "நாளைக்குத் தரவைக்கு வாங்கோ" என்றார். அப்படிப் போனவள்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் அங்கேயே நின்றுவிட்டேன். நாங்கள் எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம்.

தரவை என்றது சாவகச்சேரிக்கு அங்காலே, கடல்நீரேரிக் கரையில் கிடக்கிற புல்வெளி. மாரியில் வெள்ளம் நிற்கும். வெள்ளம் வற்றிய பிறகு மாட்டையும் கொக்கையும் தவிர ஒன்றும் இல்லை. ஒரு தொங்கலில், அதாவது ஒரு முனையில், நாங்கள் செட்டையை விரிப்போம். மற்றத் தொங்கலில், அரை மைலுக்கு அங்காலே, வின்ச் நிற்கும். கிணற்றுக் கயிறு சுற்றுகிற மாதிரி இயந்திரத்தால் கயிறு சுற்றுகிற பெட்டி அது. கயிற்றின் நுனி பறக்கிறவரின் இருக்கையில். வின்ச் இழுக்க அவர் நாலு அடி ஓடுவார், செட்டை எழும்பும், பட்டம் போலப் போவார். வின்ச்சில் நின்றவன்தான் யூட். குருநகர் ஆள், கடலுக்குப் போனவன். மீன் கொழுவினால் தூண்டில் நூல் கதைக்கிற மாதிரி இந்தக் கயிறும் தன்னோடு கதைக்கும் என்பான். நாங்கள் சிரிப்போம். பிறகு ஒருநாள் சிரிப்பதை விட்டுவிட்டோம்.

நான் வேலை பழகிய விதத்தைச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் துணி. இரண்டாம் வருடம் நூல்கள், ஒவ்வொன்றாக விரலால் உருவிப் பார்க்க வேண்டும். பிறகு அவசரக் குடை மடிக்கப் பழக்கினார். செட்டை சுருங்கிப் போனால் எறிகிற குடை அது. நான் மடித்த ஒன்றையும் ஒருவரும் எறிய வேண்டி வரவில்லை, கடவுள் புண்ணியம். அதற்குப் பிறகு, புறப்படுகிற இடத்தில் நின்று பட்டிகள் பார்க்கிற வேலை தந்தார்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிய வந்து ஒரு கால் மணித்தியாலம் ஒருவரோடும் கதைக்க மாட்டார். கம்பத்தில் கட்டிய காற்றுப் பையையே பார்த்துக்கொண்டு நிற்பார். வாடைக் காற்று ஒரே சீராக ஊதினால் தலையை ஆட்டுவார். சோளகக் காற்றுக் குத்திக் குத்தி வந்தால், கொழும்பிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். பத்து மணிக்குப் பிறகு தரவை சுட்டுக் காற்று மேலே கிளம்பத் தொடங்கும். புதுப் பிள்ளைகளை அதற்குள் விடவே மாட்டார். உயரத்தை மீற்றரில் சொன்னால் எங்களுக்கு விளங்காது என்று பனைக் கணக்கில் சொல்லித் தந்தார். ஒரு பனைக்குக் கீழே திரும்பப்படாது. மூன்று பனைக்குக் கீழே விளையாட்டு ஒன்றும் காட்டப்படாது. "மேலை நிண்டால் பிழையைத் திருத்த நேரம் கிடக்கும். நிலத்துக்குக் கிட்ட நிண்டால் கிடையாது" என்பார்.

ஒரு பையன், ஆறாம் பறப்போ ஏழாம் பறப்போ, கேட்டான்: "மாஸ்டர், செட்டையைச் சரிச்சுச் சுத்திச் சுத்தி இறங்கிக் காட்டட்டோ?"

"சுத்த விருப்பமெண்டால் நல்லூர்த் தேருக்குப் பின்னாலை போய்ச் சுத்துங்கோ, தம்பி. அங்கை சுத்தினால் புண்ணியம். இஞ்சை சுத்தினால் தலை கிறுகிறுத்து, எது வானம் எது நிலம் எண்டு தெரியாமல் வந்து விழுவியள்."

கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டு, இன்னும் மரியாதையாகக் கதைப்பார். அவர் கண்ணாடியில் கை வைத்தால் நாங்கள் எல்லாரும் செய்த பிழையைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

பட்டி பார்ப்பது எப்படி என்று மாஸ்டர் காட்டித் தந்திருந்தார். கிட்டப் போய்க் குனிந்து, தொடைப் பட்டியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்தேன். ஆம்பிளைகளுக்குச் செய்ய எனக்கு ஏலவில்லை. என் புருசன் செத்த பிறகு அண்ணைமாருக்கு முன்னால் கூட நான் நிமிர்ந்து நின்றதில்லை. இங்கே காலை அகட்டிக்கொண்டு நிற்கிற ஆம்பிளையின் தொடையில் எப்படிக் கை வைப்பேன்? ஒரு பக்கமாகத் தள்ளி நின்று, கடைக்கண்ணால் பார்ப்பேன். பிறகு, "கொழுவியாச்சோ?" என்று கேட்பேன். அவர்களும் "ஓம்" என்பார்கள். கொப்பியில் சரி போடுவேன்.

எங்கள் சனத்தின் ஓமைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டியளோ என்று கேட்டால் பட்டினி கிடக்கிறவனும் ஓம் என்பான். குளிசை போட்டனீங்களோ என்று டாக்டர் கேட்டால் போத்தல் திறக்காதவளும் ஓம் என்பாள். கேட்கிறவரின் மனம் நோகக்கூடாது, அவ்வளவுதான். இது எனக்கு நல்லாகத் தெரியும். தெரிந்துகொண்டே சரி போட்டேன்.

அந்த நாள் தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாள். அன்று பறக்க இருந்தவர் ஒரு கணக்குச் சேர். நல்லூரில் ரியூசன் படிப்பிக்கிறவர், ஐம்பது வயது இருக்கும். என் மகள் கணக்கில் பாஸ் பண்ணினது அவரால்தான். பழகுனர்களில் அவர் ஒருவர் வந்தால் மட்டும் நான் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன். "இருங்கோ அம்மா, நான் இப்ப உங்கடை மாணவன்" என்று சிரிப்பார்.

அவர் இருக்கையை மாட்டினார். மூன்று பட்டியும் கொழுவினார். தள்ளி நின்றாலும் நான் அதைக் கண்ணால் கண்டேன். ஆனால் காற்று விழுந்துவிட்டது. மாஸ்டர் தரவை நடுவில் கொடியோடு நின்று, பொறுக்கச் சொன்னார். அரை மணி, முக்கால் மணி போயிற்று. போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சேர் இரண்டு கோப்பை குடித்தார். கொஞ்ச நேரத்தில் அங்குமிங்கும் பார்த்தார்.

"அம்மா, ஒருக்கா... இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டுப் புதர்ப் பற்றைப் பக்கம் போனார்.

எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் முதுகு காட்டிக்கொண்டு நின்றேன். வருகிற சத்தம் கேட்டும் திரும்பவில்லை. அவரும் கூச்சத்தோடு அவசர அவசரமாக வந்திருக்கிறார். நெஞ்சுப் பட்டியை மட்டும் கொழுவினார். தொடைப் பட்டி இரண்டும் துணிக்கு உள்ளே மடங்கிக் கிடந்திருக்கிறது. நேரம் பார்த்து வாடைக் காற்றும் வந்தது.

"எல்லாம் சரியோ, சேர்?"

"ஓம், ஓம்."

கையிலிருந்த வோக்கிடோக்கியில் மாஸ்டரின் குரல் வந்தது: "பரமக்கா, பட்டியெல்லாம் பாத்தாச்சோ?"

"ஓம்" என்றேன்.

பொய் என்று அப்போது எனக்குப் படவில்லை. பார்த்தேன்தானே, பற்றைக்குப் போக முதல். கயிறு இறுகியது. சேர் நாலு எட்டு ஓடினார். செட்டை எழும்பியது. நிலத்திலிருந்து தூக்கினதும் பறக்கிறவர் இருக்கையில் பின்னுக்குச் சாய்ந்து இருப்பார். கால் முன்னுக்கு நீட்டும். சேரின் கால் நேரே கீழே தொங்கியது. கிணற்று வாளி மாதிரி. இருக்கை மேலே போக, அவர் அதற்குள்ளிருந்து கீழே வழுகினார். நெஞ்சுப் பட்டி கழுத்தடிக்கு வந்து நின்றது. அக்குளில் தொங்கினார்.

எல்லாருக்கும் முதல் கண்டவள் நான். பின்னால் நின்றவள் நான்தான். வோக்கி கையில் இருக்கிறது. அதில் நான் அதுவரை ஓம் என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னவென்று சொல்வது? தொடைப் பட்டி என்று எப்படி ஆம்பிளைகள் எல்லாருக்கும் கேட்கச் சொல்வது? சத்தியமாக எழுதுகிறேன், அதைத்தான் யோசித்தேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அதற்குள் சேர் இளம் பனை வடலி உயரத்திலிருந்து ஒரு பனை உயரத்துக்குப் போய்விட்டார்.

பிறகு கத்தினேன். "மாஸ்டர், சேர் தொங்குறார்! தொடைப் பட்டி இல்லை! தொடைப் பட்டி இல்லை!"

அதற்குப் பிறகு வந்த மாஸ்டரின் குரல் கோயிலில் தேவாரம் சொல்கிற மாதிரி நிதானமாக இருந்தது.

"யூட், வெட்டாதை. கேட்டியே, கயிற்றை வெட்டாதை. மெல்ல இளக்கு."

"இளக்குறன் மாஸ்டர்."

ஏன் வெட்டக்கூடாது என்றால், இழுத்துக்கொண்டிருக்கிற கயிற்றைச் சட்டென்று விட்டால் செட்டை முன்னுக்குப் பாயும், தொங்குகிறவர் பின்னுக்கு வீசப்படுவார். அந்த வீச்சில் சேர் பட்டியை விட்டு உருவிப் போயிருப்பார்.

"சேர், நான் சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ. பிரேக் பிடியை விட்டிடுங்கோ. ரெண்டையும் விடுங்கோ. இப்ப நெஞ்சுப் பட்டியைக் கட்டிப் பிடியுங்கோ. முழங்கையை விலாவோடை இறுக்குங்கோ. கையைத் தூக்கப்படாது. தூக்கினால் வழுகிப் போவியள்."

சேரிடம் இருந்தது கேட்கிற வோக்கி மட்டும். பதில் சொல்ல வழியில்லை. செட்டையைத் திருப்புகிற பிடிகள் இரண்டும் மேலே துள்ளிப் போனதைக் கண்டேன். அவர் தன் நெஞ்சைத் தானே கட்டிப் பிடித்தார்.

"அவ்வளவுதான். செட்டை தானாப் பறக்கும், நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கீழை பாக்காதையுங்கோ. யூட், கயிறு தொய்யப்படாது. தொய்ஞ்சால் செட்டை திரும்பும்."

"தொய்ய விடமாட்டன். அவற்றை பாரம் என்ரை கையிலை தெரியுது."

கயிறு அவனோடு கதைத்தது. நான் சாட்சி. ஒரு பனை முக்கால் பனையாகி, அரையாகி, வடலியாகிக் குறைந்து வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு பகல் மாதிரி இருந்தது. "காலைச் சேத்து வையுங்கோ, முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கோ" என்று மாஸ்டர் சொன்னபோது சேர் நிலத்தில் முட்டினார். ஓட ஏலவில்லை. விழுந்து உருண்டார். செட்டை அவருக்கு மேலே வந்து மூடியது.

நான் செருப்பும் இல்லாமல் ஓடினேன். மாஸ்டர் துணியைத் தூக்க, சேர் முகத்தில் மண்ணோடு கிடந்தார். இன்னமும் தன்னைக் கட்டிப் பிடித்தபடி.

"சேர், விடுங்கோ. நிலத்திலைதான் கிடக்கிறியள்."

"விட்டாலும் பிழையில்லையோ?" என்று சேர் கேட்டார்.

வலது கணுக்கால் முறிந்திருந்தது. அக்குள் இரண்டும் கன்றிப் போய்க் கறுத்திருந்தன. சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு விட்டார்கள்.

அடுத்த நாள் கொட்டிலில் மாஸ்டர் எங்களை இருத்தினார்.

"சேரோடை கதைச்சனான். பிழை முழுக்கத் தன்னுடையது எண்டு சொல்லுறார். பரமேஸ்வரியம்மா கேட்டவ, தான்தான் ஓம் எண்டனான் எண்டு சொல்லுறார்."

"பின்னை என்ன, விசயம் முடிஞ்சுது" என்றான் யூட். "பரமக்காவின்ரை கொப்பியிலையும் சரி போட்டுக் கிடக்கு."

முடிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். படித்த மனிதர், எனக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுவிட்டார். அந்தக் கொட்டிலில் ஒரு நிமிடம், அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வேலை போனால் திரும்பவும் தலையணை உறைதான். ஆனால் அந்தச் சரி என் கையெழுத்து. நான் பார்த்தது தேத்தண்ணிக்கு முதல். அதையே தேத்தண்ணிக்குப் பிறகு விற்றுவிட்டேன்.

"மாஸ்டர், நான் பாக்கேல்லை."

"என்னக்கா?"

"அவர் பத்தைப் பக்கம் போய் வந்த பிறகு பாக்கேல்லை. இழுத்தும் பாக்கேல்லை. ஆம்பிளையளுக்கு நான் ஒருநாளும் இழுத்துப் பாத்ததில்லை. கேட்டுட்டுத்தான் சரி போடுறனான்."

மாஸ்டரின் கை கண்ணாடிக்குப் போயிற்று. துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தினை பேருக்கு?"

"எல்லாருக்கும்."

யூட் சிலுவை போட்டான். அவனும் அதுவரை எல்லாரையும் என் சரியை நம்பித்தான் இழுத்திருக்கிறான்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டார். "பரமக்கா, நான் உங்களட்டைக் கேட்டனான். நீங்கள் ஓம் எண்டு சொன்னியள். சேரிட்டை நீங்கள் கேட்டனீங்கள். அவர் ஓம் எண்டார். ஒரு மனிசன் பனை உயரத்திலை தொங்கினவர், அவரைச் சுத்தி ரெண்டு ஓம். ஒருத்தரும் பட்டியைத் தொடேல்லை. நானும்தான்."

ஏசியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். அப்படிச் சொன்னபடியால்தான் அழுதேன்.

அன்றைக்கே சட்டம் வந்தது. புறப்படுகிற இடத்தில் ஓம் என்ற சொல் கிடையாது. கேள்வியும் கிடையாது. பறக்கிறவர் வாய் திறக்கப்படாது. பார்க்கிறவர் ஒவ்வொரு பட்டியையும் பிடித்து, உடம்பு அசைகிற அளவுக்கு இழுத்து, வோக்கியில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். "இடது தொடை. வலது தொடை. நெஞ்சு." மூன்றும் காதில் விழாமல் யூட் வின்ச்சில் கை வைக்கப்படாது. பறக்கிறவர் ஓர் அடி விலகிப் போய் வந்தாலும், போன காரணம் எதுவாக இருந்தாலும், முதலிலிருந்து.

"ஆம்பிளையளுக்குப் பாக்க வேறை ஆளைப் போடட்டோ?" என்று மாஸ்டர் என்னைத் தனியாகக் கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மூன்று நாள் குசினிக்குள் அடுப்படியில் நின்று அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். மகள் வந்து எட்டிப் பார்த்தாள். தரவையில் முதல் நாள் என் குரல் நடுங்கி, தொடை என்றது ஒரேஞ்சு மரத் தோடை மாதிரிப் போயிற்று. யூட் வோக்கியில், "பரமக்கா, தோடம்பழமெல்லாம் வேண்டாம், பட்டியைச் சொல்லுங்கோ" என்றான். அன்றிலிருந்து கொஞ்ச நாள் என்னைத் தோடம்பழக்கா என்றுதான் கூப்பிட்டான். கூச்சம் போகவில்லை. கூச்சத்தோடேயே இழுத்துப் பார்த்தேன். நான் ஓய்வெடுக்கிற நாள் வரைக்கும் ஒரு ஆளையும் தொடாமல் விடவில்லை.

அடுத்த வருடம் வாடை தணிந்த பிறகு சேர் திரும்பி வந்தார். கொஞ்சம் நொண்டினார். மாட்டிக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போய் இழுத்தேன், அவர் தள்ளாடினார். "இடது தொடை." அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வலது தொடை." இரண்டு பேருக்கும் முகம் சிவந்திருக்கும். அன்றைக்கு அவர் மூன்று பனை போய், தானாகத் திரும்பி, காலூன்றி இறங்கினார்.

கௌசி கொண்டுவந்து காட்டிய புது இருக்கையையும் பார்த்தேன். நல்ல சாமான். தையல் என்னுடையதை விடத் திறம். சேருக்கு வந்தது இதில் வராது. ஆனால் கொழுக்கி கொழுக்கிதான். தரவை மணல் ஒரு குறுணி உள்ளே போனால், டக் என்று சத்தம் கேட்கும், பிடித்திருக்காது. பழைய கொழுக்கிகளில் நான் அப்படி இரண்டு மூன்று தரம் கண்டேன். இழுத்தபடியால்தான் கண்டேன். கண்ணுக்கு அது கொழுவின மாதிரியேதான் இருந்தது. கூட்டத்தில் முடிவெடுக்கிறவர்கள் படித்தவர்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

இதில் பிழைகள் இருக்கலாம். காற்று அன்றைக்கு வாடையோ கொண்டலோ என்று யூட்டிடம் கேட்டுத் திருத்துங்கள். ஒரு பனை என்று எழுதினேன், பயத்தில் எனக்கு உயரம் அதிகமாகத் தெரிந்திருக்கலாம். முறிந்தது வலது காலோ இடது காலோ என்று சேரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கொப்பியில் அன்றைய பக்கத்தையும் யாராவது எடுத்துப் பாருங்கள். பாராமல், இதெல்லாம் சரியோ என்று என்னிடம் கேட்டு வராதீர்கள். கேட்டால் நான் ஓம் என்றுதான் சொல்வேன்.